சமாதானக் குழுவில் யாரை இருத்துவது?

"தமிழரும் முஸ்லிம்களும் புட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தவர்கள்." மட்டக்களப்பில் எந்த நல்லிணக்கக் கூட்டத்துக்குப் போனாலும் முதலாவது பேச்சாளர் இதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கமாட்டார். பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த வசனத்தோடு தொடங்கிய கூட்டம் எதுவும் உருப்படியாக முடிந்து நான் கண்டதில்லை. கீழே பிளாஸ்டிக் கதிரையில் இருக்கும் ஒரு தாய்க்கு அதைக் கேட்டவுடன் 1990-இல் போன மகன் ஞாபகம் வருவான். அடுத்த வரிசையில் இருக்கும் உம்மாவுக்கும் அதே 1990 தான், வேறு ஊர், வேறு பிள்ளை. இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள்.

நான் வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பக்கத்தில் கனகாலம் களவேலை செய்தவள். 2002 தமிழ், முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு சேத விபரம் எடுக்கவென்று போய், அப்புறம் ஊர்ச் சமாதானக் குழுக்களோடேயே நின்றுவிட்டேன். தமிழ்ப் பிள்ளை, வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் பிறந்து வளர்ந்தவள். இப்போதும் இளம் பிள்ளைகள் போன் எடுத்து, "அக்கா, எங்கட ஊரிலயும் இப்படி ஒரு குழு போடப்போறம், எங்க தொடங்குற?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒரு இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில் ஊரைப்பற்றி ஒள்ளம் சொல்லவேண்டும். கிழக்கில் இரண்டு சமூகத்துக்கும் தாய்மொழி தமிழ். இரண்டிலும் தாய்வழியாக வரும் குடி என்ற வம்ச முறை இருக்கிறது. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் குடி பார்த்து வருவார், பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காரும் அப்படியே. மகளுக்கு வீடு கட்டிச் சீதனமாகக் கொடுப்பதும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பதும் இரண்டு பக்கமும் உள்ள வழக்கம். வயல் முஸ்லிம் போடியாருடையது, அதில் வேலைசெய்யும் முல்லைக்காரர் தமிழர். இன்னோர் இடத்தில் அது மாறிக் கிடக்கும். இவ்வளவு நெருக்கம் இருந்தால் சண்டை வராது என்று வெளியூர்க்காரர் நினைக்கிறார்கள். எனக்கென்றால் நெருக்கமே பாதிக் காரணம் என்று படுகிறது. ஒரே குளத்துத் தண்ணீர், ஒரே மேய்ச்சல் தரை, ஒரே சந்தை, ஒரே அரசாங்க உத்தியோகம். பங்கு போட வேண்டிய எல்லாமே பொதுவில்தான் இருக்கிறது.

அதற்கு மேலே துவக்கு (துப்பாக்கி) வந்தது. 1985 ஏப்ரலில் காரைதீவுப் பக்கம் எரிந்தது. 1990 ஆகஸ்ட் 3-ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஒரு கிழமை கழிந்து ஏறாவூரிலும் முஸ்லிம்கள் செத்தார்கள். அதே மாதம் வீரமுனையில் கோயிலில் தஞ்சமிருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 9-ஆம் திகதி சத்துருக்கொண்டானில் குழந்தைகள், பெண்கள் உட்பட 180-க்கும் மேற்பட்ட தமிழர்கள் படையினர் கையில் மாண்டார்கள். அந்த நாட்களில் படையோடு நின்ற ஊர்காவல் படையில் முஸ்லிம் இளைஞர்களும் இருந்தார்கள் என்பது தமிழர் மனதில் ஆறாமல் கிடக்கும் கணக்கு. அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். 1992 ஏப்ரலில் பொலன்னறுவை எல்லையில் அழிஞ்சிப்பொத்தானையில் முஸ்லிம்களும், பக்கத்தில் முத்துக்கல், கரப்பொலவில் தமிழர்களும் அடுத்தடுத்துச் செத்தார்கள்.

இந்தத் திகதிகளை ஏன் வரிசையாக எழுதுகிறேன் என்றால், களத்தில் இதுதான் முதல் வேலை. ஒவ்வொரு சமூகத்துக்கும் தன்னுடைய திகதிகள் மனப்பாடம்; மற்றவரின் திகதி ஒன்றுகூடத் தெரியாது. வீரமுனை என்று நான் சொன்னபோது ஓட்டமாவடியில் படித்த ஒரு முஸ்லிம் இளைஞன் "அங்க என்ன நடந்த?" என்று கேட்டான். காத்தான்குடி பள்ளிவாசலில் எத்தனை பேர் என்று கேட்டால் வாழைச்சேனைத் தமிழ்ப் பிள்ளைகள் முழிப்பார்கள். ஆகவே நாங்கள் இரண்டு சமூகத்தையும் உடனே ஒன்றாக இருத்துவதில்லை. தனித்தனியாக இருத்தி, தங்கள் தங்கள் துக்க நாட்களை எழுதச் சொல்வோம். பிறகு இரண்டு பட்டியலையும் ஒரே கலண்டரில் போட்டு, ஆளுக்கொன்று கொடுத்து, அலுவலகச் சுவரிலும் மாட்டிவிடுவோம். ஆகஸ்ட் 3-இல் பெரிய கிரிக்கெட் இறுதிப்போட்டி வைக்காதே. செப்டம்பர் 9-இல் தமிழ் ஊருக்குப் பக்கத்தில் பாட்டுப் பெட்டியைக் கதறவிடாதே. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம், கட்டிப்பிடிக்க வேண்டாம். அந்த ஒரு கலண்டரால் தவிர்ந்த சண்டைகள் உண்டு.

சரி, யாரைக் குழுவில் போடுவது?

2002-ஐ நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். பெப்ரவரி 22-இல் அரசுக்கும் புலிகளுக்கும் போர்நிறுத்த ஒப்பந்தம். ஏப்ரல் 13-இல் கிளிநொச்சியில் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் கையெழுத்து வைத்தார்கள். முஸ்லிம் விவசாயிகள் தங்கள் வயலுக்குத் திரும்பலாம், வரி அறவிடப்படாது என்றெல்லாம் பேச்சு வந்தது. மேலே சமாதானம் பொங்கி வழிந்தது. ஜூன் கடைசியில் மூதூரில் தொடங்கிய கலவரம் வாழைச்சேனைக்கு வந்தது. கடைகள் எரிந்தன, உயிர்கள் போயின, ஒழுங்கைக்கு ஒழுங்கை சனம் இடம்பெயர்ந்தது. மேலே கையெழுத்து வைத்தவர்களுக்கும் எங்கள் சந்தியில் கல்லெறிந்தவனுக்கும் நடுவில் ஒரு ஆளும் இருக்கவில்லை என்பதுதான் அன்று தெரிந்த விஷயம்.

அதற்குப் பிறகு குழுக்கள் முளைத்தன. வழக்கமான பட்டியல்: கோயில் வண்ணக்கர், பள்ளிவாசல் தலைவர், பாதர், மௌலவி, அதிபர், கிராம சேவகர். இவர்கள் வேண்டும். இவர்கள் ஒப்பமில்லாமல் ஊரில் ஒன்றும் அசையாது. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு ஒரு கதை பரவினால் அது முதலில் போவது வண்ணக்கரிடமோ மௌலவியிடமோ அல்ல. ஓட்டோ நிற்கும் இடத்துக்குத்தான் போகும், மீன் வாடிக்குப் போகும், கிரிக்கெட் விளையாடும் வளவுக்குப் போகும். பெரியவர்களுக்குத் தெரியவரும்போது டயர் எரிந்துகொண்டிருக்கும்.

நான் பார்க்கும் ஆட்கள் வேறு. நாளைக்குக் குழப்பம் வந்தால் நாளைக்கே கைநட்டம் வரக்கூடியவர் யார்? முஸ்லிம் மீன் முதலாளி. அவருடைய போட்டில் ஏறுவது தமிழ்ப் பிள்ளைகள். தமிழ் முல்லைக்காரர்; அவர் வெட்டவேண்டிய வயல் கண்டம் முஸ்லிம் போடியாருடையது. பால் சேகரிப்பவர், நெல் வாங்கும் தரகர், மற்றப் பக்கத்துச் சந்தையில் மரக்கறி விற்கும் பெண், இரண்டு ஊரையும் கடந்து ஓடும் பஸ்ஸின் கொண்டக்டர். இவர்களுக்கு இன ஒற்றுமைபற்றிப் பெரிய கொள்கை எதுவும் இருக்காது. சிலர் கூட்டத்திலேயே மற்றச் சமூகத்தைப்பற்றிக் குறை சொல்வார்கள். பரவாயில்லை. அவர்கள் கையில் மற்றப் பக்கத்து ஆட்களின் போன் நம்பர் இருக்கும், இரவில் கூப்பிட்டால் எடுப்பார்கள். எனக்கு அது போதும்.

ஒரு நோன்பு காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். போர்நிறுத்த நாட்கள். நோன்பு திறக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு ஓடிய ஒரு முஸ்லிம் பொடியனின் மோட்டார் சைக்கிள், டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்த தமிழ்ப் பிள்ளையை இடித்துவிட்டது. மோட்டார் சைக்கிள்காரன் பயத்தில் நிற்கவில்லை. மஃரிப் தொழுகை முடிவதற்குள் கதை இப்படி வளர்ந்துவிட்டது: பிள்ளையை அடித்துக் கொன்று வாய்க்காலில் போட்டுவிட்டார்கள். அந்தப் பக்கம் போன கதை வேறு: நோன்பு திறக்கப் போன பொடியனைத் தமிழர் மறித்து வெட்டிவிட்டார்கள்.

எங்கள் குழுவில் இருந்த மீன் முதலாளி தன் ஐஸ் லொறியை எடுத்தார். வழியில் முல்லைக்கார அண்ணனை ஏற்றிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி. பிள்ளை உயிரோடு இருந்தான். கை முறிந்திருந்தது, மட்டக்களப்புக்கு அனுப்ப அம்புலன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையின் மாமன் அங்கே நின்றார். அவரையும் லொறியில் ஏற்றிக்கொண்டு சந்திக்கு வந்தார்கள். அங்கே ஒரு கூட்டம் பொல்லுத்தடியோடு நிற்கிறது. முல்லைக்கார அண்ணன் இறங்கி, முன்னுக்கு நின்ற பொடியனின் தோளில் கைபோட்டார்.

"நீ கண்டயா மனே?"

"இல்ல, இவன் சொன்னான்."

"நீ கண்டயா?"

"இல்ல சித்தப்பா, ஓட்டோக்காரன்தான் சொன்ன."

"சரி, ஓட்டோக்காரனக் கூப்பிடு. அவன் வாறத்துக்குள்ள இந்தா, புள்ளட மாமன் நிக்கார், இவர்ட கேளு."

மாமன் சொன்னது மூன்றே வசனம். பிள்ளை உயிரோடு இருக்கிறான். கை முறிந்திருக்கிறது. இடித்தவன் யாரென்று தெரியும், பொலிசில் போட்டாச்சு. அதே மூன்று வசனத்தை மீன் முதலாளி போய்ப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லவைத்தார், கோயில் ஒலிபெருக்கியிலும் ஒரு சொல் மாறாமல் போனது. மறுகா அடுத்த நாள் இடித்த பொடியனின் உம்மாவும் சாச்சியும் அந்த வீட்டுக்குப் போனார்கள். சைக்கிளுக்கும் ஆஸ்பத்திரிப் போக்குவரத்துக்கும் காசு கொடுத்தார்கள். பொலிஸ் முறைப்பாட்டை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அது அதன் பாட்டில் நடந்தது.

இதில் சில நுணுக்கம் இருக்கிறது. விசாரிக்கப் போவது எப்போதும் இரண்டு பேராக, பக்கத்துக்கு ஒருவராக. தனியே போனவர் கொண்டுவரும் செய்தியை மற்றப் பக்கம் நம்பாது, சொந்தப் பக்கமும் முழுதாக நம்பாது. அறிவிப்பில் மூன்று விஷயத்துக்கு மேல் வேண்டாம்: என்ன நடந்தது, யாருக்கு என்ன, அடுத்து என்ன நடக்கிறது. "ஒற்றுமையைக் காப்போம்" என்று ஒரு வசனத்தைக் கூடச் சேர்த்தீர்களோ, சனம் உடனே "அப்ப என்னமோ பெரிசா நடந்திருக்கு" என்று நினைக்கும். இரண்டு ஒலிபெருக்கியிலும் ஒரே வசனம் போகவேண்டும்; ஒன்றில் "விபத்து", மற்றதில் "சம்பவம்" என்றால் அந்த இடைவெளியில் நூறு கதை நுழையும். இதெல்லாம் கதை கிளம்பி முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் நடக்கவேண்டும். கல் விழுந்தபின் பிள்ளை உயிரோடு இருப்பதைச் சொல்லிப் பயனில்லை. அப்போது சண்டை பிள்ளையைப்பற்றியதாக இருக்காது, கல்லைப்பற்றியதாகிவிடும்.

ஹர்த்தால் எங்கள் ஊர்களுக்கு ஒரு தனி வருத்தம். யாராவது ஒரு தரப்பு ஹர்த்தால் என்று துண்டுப்பிரசுரம் போடும். ஒரு சமூகம் கடை மூடும், மற்றது திறக்கும். திறந்த கடைக்கு முன்னால் நின்று மூடச் சொல்வார்கள், அங்கேதான் கைகலப்பு. ஹர்த்தாலை நிறுத்தும் பலம் எந்த ஊர்க் குழுவுக்கும் கிடையாது. நாங்கள் செய்தது, ஹர்த்தால் இல்லாத நாளில் உட்கார்ந்து விதி பேசியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வாகனத்தை மறிப்பதில்லை. மையித்து வண்டியை, பிரேத வண்டியை மறிப்பதில்லை. ஓ.எல்., ஏ.எல். சோதனைக்குப் போகும் பிள்ளைகளை விடவேண்டும். கடை மூடச்சொல்லப் போவது அந்தந்தச் சமூகத்து ஆட்களே. இப்படிச் சின்ன விதிகளுக்கு ஒத்துக்கொள்ளவைப்பது, "இனிமேல் ஹர்த்தாலே வேண்டாம்" என்று தீர்மானம் போடுவதைவிட எத்தனையோ மடங்கு கஷ்டம், அதைவிடப் பிரயோசனம்.

எரிந்த வீடுகளைப்பற்றி ஒரு வார்த்தை. சேத விபரப் படிவத்தில் "வீடு - பகுதிச் சேதம்" என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் புள்ளடி போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். ஒரு தமிழ்த் தாய் கரி பிடித்த யன்னல் நிலையைக் கையால் துடைத்துத் துடைத்து என்னிடம் காட்டினா: "இது ரெண்டாவது மகளுக்கு, மிஸ். மேல கூரை போடத்தான் இருந்த." இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு முஸ்லிம் வீட்டில் அதே கதை, அங்கே மூன்றாவது மகள். கிழக்கில் வீடு எரிந்தால் ஒரு பெண்ணின் கலியாணம் எரிந்ததாக அர்த்தம். அதனால் அந்தக் கோபம் ஆம்பிளைகளின் கோபத்தைவிட நீளமாக ஓடும், அதை வீட்டுக்குள் வளர்ப்பது தாய். எந்தக் குழுவிலும் பெண்கள் இருவரைப் பேருக்குப் போட்டுவிட்டு அவர்களிடம் தேநீர் ஊற்றும் வேலையைக் கொடுக்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நாங்கள் சேதமடைந்த வீட்டுத் தாய்மாரைத் தனியே கூட்டியபோது, அவர்கள் பேசியது ஓடு, சீமெந்து, கதவு விலை. யார் எரித்தது என்ற பேச்சு வரப் பல சந்திப்புகள் எடுத்தது. வந்தபோது அதைத் தாங்கும் அளவுக்குப் பழக்கம் ஏற்பட்டிருந்தது.

குழு கையில் எடுக்கக்கூடாத விஷயங்கள் சில உண்டு. கொலை, பாலியல் வன்முறை இவற்றை எந்தக் காரணத்துக்காகவும் ஊருக்குள் சமாதானம் பேசி முடிக்காதீர்கள். "ஊர் அமைதிக்காக" என்று ஒரு பெண்ணின் முறைப்பாட்டை எழுதவிடாமல் தடுக்கும் குழு இருப்பதைவிட இல்லாமலிருப்பது நல்லது. மதம் கடந்து காதலித்து ஓடிப்போகும் சம்பவம்தான் எல்லாவற்றிலும் சூடானது. அதில் முதலில் பார்க்கவேண்டியது வயது. பதினெட்டுக்குக் குறைவென்றால் அது சட்டத்தின் வேலை, குழு விலகவேண்டும். கூடவென்றால், பிள்ளையின் விருப்பத்தைப் பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பெண்கள் போய்க் கேட்கவேண்டும். தகப்பனோ மச்சானோ கேட்கக்கூடாது. பதில் என்னவானாலும் அது இரண்டு குடும்பத்துப் பிரச்சினை, இரண்டு சமூகத்துப் பிரச்சினை அல்ல என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். சொல்லிக் களைத்துப்போவீர்கள்.

துவக்குக்காரர் விஷயத்திலும் அப்படித்தான். 2004 மார்ச்சில் புலிகள் இயக்கம் கிழக்கில் இரண்டாக உடைந்த பிறகு, யார் யாரைக் கடத்துகிறார்கள், யார் கப்பம் கேட்கிறார்கள் என்றே விளங்காத காலம் வந்தது. ஊர்க் குழு துவக்கை மறிக்கும் என்று யாரையும் நம்பவைக்காதீர்கள். குழு ஆட்களின் பெயரைக் கூட்டக் குறிப்பில் எழுதவேண்டாம், படம் பிடித்துத் திட்ட அறிக்கையில் போடவேண்டாம். 2003-க்குப் பிறகு ஆயுதமில்லாத வெளிநாட்டுச் சமாதானப் பணியாளர்கள் வாழைச்சேனையிலும் மூதூரிலும் தங்கியிருந்தார்கள். பயமுறுத்தப்பட்ட ஆட்களோடு அவர்கள் கூட நடந்துபோனது சில உயிரைக் காத்திருக்கும் என்று நான் நம்புகிறேன். அவர்கள் கண்ணுக்கு முன்னால் செய்ய ஒரு கூச்சம் இருந்தது.

அதற்கிடையில் சுனாமி. 2004 டிசம்பர் 26-இல் கல்முனையிலிருந்து வாகரை வரை கடல் வந்தபோது முதல் நாட்களில் யாரும் யார் எவரென்று பார்க்கவில்லை. முஸ்லிம் ஊர்களில் சமைத்த சோறு தமிழ் முகாமுக்குப் போனது, கோயில் மண்டபத்தில் முஸ்லிம்கள் படுத்தார்கள். பிறகு காசு வந்தது. யாருக்கு வீடு, எந்தச் சமூகத்துக்கு எத்தனை போட், கடலிலிருந்து எத்தனை மீற்றருக்குள் கட்டக்கூடாது, மாற்றுக் காணி எந்த ஊரில் என்று வந்தவுடன் முகங்கள் மாறின. உதவி பங்கிடுவதற்கென்று 2005 ஜூன் 24-இல் அரசும் புலிகளும் பொதுக்கட்டமைப்பு ஒன்றில் கையெழுத்திட்டபோது, கடற்கரையோரம் கடுமையாக அடிபட்ட முஸ்லிம்களை ஒரு தரப்பாக அதில் சேர்க்கவில்லை. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அது நடைமுறைக்கு வராமலே போனது. ஆனால் "எங்களைக் கேட்கவில்லை" என்ற கசப்பு மட்டும் ஊரில் தங்கிவிட்டது. நிவாரணம் கொண்டுவருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பயனாளிப் பட்டியலை இரண்டு ஊரிலும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், சந்தியில் ஒட்டுங்கள். ஒரு ஊருக்கு ஏன் கூட என்ற காரணத்தையும் பட்டியலுக்குக் கீழே எழுதுங்கள்.

அந்தக் காலத்தில்தான் வேர்க்‌ஷொப் பழக்கமும் வந்தது. ஹோட்டல், பதாகை, சோத்துப் பார்சல், பயணப்படி. ஒற்றுமை வேர்க்‌ஷொப்பைச் செவ்வாய், வெள்ளியில் வைத்து இறைச்சிப் பார்சல் கொடுப்பார்கள். மச்சம் தின்னாத தமிழர் பார்சலைத் திறந்து மூடுவார்கள். ஹலால் இல்லாத கடையில் எடுத்தால் முஸ்லிம்கள் தொடமாட்டார்கள். ஜும்ஆ நேரத்துக்குக் குழுக்கலந்துரையாடல் வைப்பார்கள். இதைக்கூடக் கேட்டறியாதவர்கள் எங்களுக்கு மோதல் தவிர்ப்புப் படிப்பித்தார்கள்! பயணப்படி நின்றதும் குழுவும் நின்ற இடங்கள் நிறைய. சொந்தச் செலவில் பிளேன்டீ குடித்துக்கொண்டு மீன் வாடியில் கூடிய குழுக்கள் கூடக்காலம் நின்றன.

போன் எல்லார் கைக்கும் வந்தபிறகு அந்த ஒரு மணித்தியாலம் பத்து நிமிஷமாகச் சுருங்கிவிட்டது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலந்த கறி என்று கிளம்பிய கதை பள்ளிவாசலை உடைக்கும் வரை போனது. அப்படி ஒரு மாத்திரையே உலகத்தில் இல்லை. கறியில் கிடந்தது மாக்கட்டி என்று பரிசோதனையில் வந்தது. அது சிங்கள, முஸ்லிம் பிரச்சினை என்று நாங்கள் ஒதுங்கியிருக்க முடியவில்லை, அடுத்த வருடம் எங்கள் வாசலுக்கு வந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். செத்தவர்களில் கனபேர் பிள்ளைகள். தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கியவன் காத்தான்குடியைச் சேர்ந்தவன் என்று தெரிந்ததும் முஸ்லிம் கடைக்குப் போகாதே என்ற குரல் பதிவுகள் வட்ஸ்அப்பில் ஓடின.

அந்த நாட்களில் பழைய குழு ஆட்கள் செய்த வேலை சாதாரணமானது. ஒரு வட்ஸ்அப் குழு, பேச்சு இல்லை, வணக்கம் இல்லை, பூப்படம் இல்லை. வந்த குரல் பதிவை அங்கே போடவேண்டும். அந்தந்த இடத்தில் இருக்கும் ஆள் போய்ப் பார்த்து "நடந்தது", "நடக்கவில்லை", "பார்க்கிறேன்" இந்த மூன்றில் ஒன்றைப் பதிலாகப் போடவேண்டும். "பார்க்கிறேன்" என்று போட்டால் அரை மணித்தியாலத்துக்குள் மற்ற இரண்டில் ஒன்று வரவேண்டும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களைச் சேர்க்கவில்லை. கொழும்பிலும் கனடாவிலும் இருந்துகொண்டு சூடேற்றுபவருக்கு வீட்டுக்குக் கல் விழாது. இது கொஞ்சம் கடுமையாகத் தெரியலாம். நான் மாற்றமாட்டேன்.

கொரோனா காலத்தில் முஸ்லிம் மையித்துகளையும் கட்டாயமாக எரித்தார்கள். கடைசியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தபோது, 2021 மார்ச்சில் நாடு முழுவதிலுமிருந்து உடல்கள் வந்தது எங்கள் ஓட்டமாவடி, மஜ்மா நகருக்கு. 3,600-க்கு மேற்பட்ட உடல்கள் அங்கே அடங்கியிருக்கின்றன. பெரும்பாலும் முஸ்லிம்கள், ஆனால் இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அது விவசாயமும் மாடும் நம்பி இருந்த ஏழைச் சனத்தின் இடம். அதைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் அந்தச் சனத்தின் காணிப் பத்திரம் என்னவாயிற்று என்றும் ஒரு தரம் கேட்டால் நல்லது.

ஏனென்றால் கடைசியில் எல்லாம் காணியில்தான் வந்து நிற்கிறது. அடிதடியை ஊர்க் குழு ஆற்றலாம். 1990-இல் விட்டுப்போன காணியை ஊர்க் குழு திருப்பித்தர முடியாது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் முஸ்லிம்கள் விட்டுப்போன வயல் இருக்கிறது, முஸ்லிம் ஊர்களுக்குள் தமிழர் விட்டுப்போன வளவு இருக்கிறது. சிலது அடிமாட்டு விலைக்கு விற்கப்பட்டது, சிலதை வேறொரு இடம்பெயர்ந்த குடும்பம் பிடித்து வீடு கட்டிவிட்டது. தனியார் காணியில் ஒருவர் பத்து வருடம் எதிர்ப்பில்லாமல் ஆண்டுவந்தால் உரிமை கோரலாம் என்பது பழைய சட்டம். போரால் தங்கள் காணிக்குப் போகமுடியாதவர்களுக்கு விலக்காக 2016-இல் 5-ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1-இலிருந்து 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று. வழக்குப் போட அதில் கொடுத்த அவகாசம் இரண்டு வருடம். எங்கள் பக்கத்தில் பலருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே அவகாசம் முடிந்தபிறகுதான் தெரிந்தது. சட்டம் வந்தால் அதைக் கமக்காரர் அமைப்புக் கூட்டத்திலும் ஜும்ஆவுக்குப் பிறகும் வாசித்துக் காட்டுவதுகூடச் சமாதான வேலைதான் என்று நான் சொன்னபோது சிலர் சிரித்தார்கள்.

இப்போது காணிப் பிணக்கோடு வருபவர்களை மத்தியஸ்த சபைக்கு அனுப்புகிறோம். 1988-இன் 72-ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது, செலவில்லை, சட்டத்தரணி தேவையில்லை. போகும்போது கையில் என்ன இருக்கவேண்டும் என்பதில்தான் பாதி வெற்றி. உறுதி அல்லது பெர்மிட் இருந்தால் சரி. எரிந்துபோனது என்றால் பழைய வாக்காளர் இடாப்பு, சோலைவரிப் பற்றுச்சீட்டு, பிள்ளைகளின் பாடசாலை அனுமதிப் பதிவில் உள்ள விலாசம், பிறப்புச் சான்றிதழ், பங்கீட்டு அட்டை, எதுவானாலும் சேர்க்கவேண்டும். இவற்றையெல்லாம்விட எடை கூடியது, மற்றச் சமூகத்து அயலவர் கொடுக்கும் சத்தியக் கடதாசி. "இந்த வளவில் இன்ன குடும்பம் இருந்தது, கிணறு கட்டியது அவர்கள், வடக்கு வேலி என்னுடையது" என்று ஒரு முஸ்லிம் அயலவர் தமிழ்க் குடும்பத்துக்காகவும், தமிழ் அயலவர் முஸ்லிம் குடும்பத்துக்காகவும் சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்தால், எதிரில் இருப்பவர் அதிகம் வாதாடுவதில்லை. கேட்டுப் போனால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அயலவர்கூட, வேலிக்கணக்கு என்றவுடன் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

ஆனால் 1990-க்கு முன் அயலில் குடும்பமாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. வழக்கு வரும்போது பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஒவ்வொரு ஒழுங்கைக்கும் யார் மிச்சம் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, அவர்கள் தெளிவாகப் பேசும் நாளிலேயே போய் எழுதி எடுத்துவிடுங்கள். எழுதப் போகும்போதும் இரண்டு பேராகவே போங்கள்.